குறுக்குவிசை இருந்தால் சொல்லுங்கள்: இணையதளம் உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

இணையதளங்களை வடிவமைக்கும், நிரல் எழுதும், சோதித்துப் பார்க்கும் நண்பர்களுக்கு,



நான் பார்வையற்ற ஒரு கணினிப் பயிற்றுநர். பார்வையற்ற இளைஞர்களுக்கு, திரையில் உள்ளதைக் குரலாகப் படிக்கும் திரைவாசிப்பானின் துணையோடு கணினியைக் கையாளக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வங்கிப் பணி, ஆசிரியர் பணி, அரசு அலுவலகப் பணி என்று எதற்குப் போனாலும் அவர்கள் நாள் முழுக்க நீங்கள் உருவாக்கிய பக்கங்களில்தான் உழைக்கப் போகிறார்கள். அந்தப் பக்கங்களில், ஷார்ட்கட் கீ என்று எல்லாரும் சொல்லும் குறுக்குவிசைகளை வைக்கிறீர்கள். மவுஸ் பிடிக்காதவர்களுக்கு உதவும் என்ற நல்லெண்ணத்தோடுதான் வைக்கிறீர்கள். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலும் எங்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் பல நேரம் அது வேலை செய்வதில்லை. ஏன் இப்படி ஆகிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்று உங்களிடம் நேரடியாகச் சொல்லத்தான் இந்த மடல்.

மவுஸ் வைத்திருப்பவருக்குக் குறுக்குவிசை ஒரு வசதி. பொத்தானைப் பார்க்கிறார், சொடுக்குகிறார். குறுக்குவிசை தெரிந்தால் ஒரு நொடி மிச்சம். எங்களுக்குப் பக்கம் ஒரே பார்வையில் விரிவதில்லை. மேலிருந்து கீழாக, ஒன்றன்பின் ஒன்றாக, குரலாக வருகிறது. தலைப்புப் பட்டை, மெனு, விளம்பரம், பகிர்வுப் பொத்தான்கள் என எல்லாவற்றையும் தாண்டித்தான் ‘சேமி’ என்ற பொத்தானுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரே படிவத்தை நாள்தோறும் பலமுறை நிரப்பும் அலுவலக ஊழியர் இந்தத் தூரத்தை ஒவ்வொரு முறையும் கடக்கிறார். சேமிக்க ஒரு குறுக்குவிசை இருந்து, அது அவருக்குத் தெரிந்தும் இருந்தால், பக்கத்து இருக்கைக்காரரின் வேகத்துக்கு அவரும் வேலை பார்க்கலாம். ‘இவருக்கு இந்த வேலை கொடுத்தால் நேரமாகும்’ என்ற பேச்சு அலுவலகத்தில் எழாமல் இருப்பது இந்த வேகத்தைப் பொறுத்தது. ஆகவே எங்களுக்கு இது பிழைப்போடு சம்பந்தப்பட்ட விஷயம்.

திரைவாசிப்பான் எப்படி இயங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கி, அவரைப் போலவே பார்வையற்றவரான ஜேம்ஸ் டே என்பவரோடு சேர்ந்து வளர்த்த மென்பொருள் அது. இலவசம், திறமூலம், தமிழ் இடைமுகமும் உண்டு. ஓர் இணையப் பக்கத்தைத் திறந்ததும் என்விடிஏ பிரவுஸ் மோடு என்ற நிலையில் நிற்கும். அந்த நிலையில் எழுத்து விசைகள் எல்லாம் அதன் கட்டுப்பாட்டில் இருக்கும். எச் அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகும். கே அழுத்தினால் அடுத்த இணைப்பு, எஃப் அழுத்தினால் அடுத்த படிவப் புலம், ஜி அழுத்தினால் அடுத்த படம். 1 முதல் 6 வரையிலான எண்கள் அந்தந்த நிலைத் தலைப்புகளுக்கு. இந்த எழுத்துகள்தான் நாங்கள் பக்கத்தை மேலோட்டமாகப் பார்க்கும் வழி. தட்டச்சு செய்ய வேண்டிய இடம் வந்தால் ஃபோகஸ் மோடு என்ற இன்னொரு நிலைக்கு மாறும். இன்செர்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி நாங்களாகவும் மாற்றிக்கொள்ளலாம். அப்போதுதான் எழுத்து விசைகள் உங்கள் பக்கத்துக்கு வந்து சேரும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, என் வகுப்பில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் மாணவி ஒருவர் ஓர் இணையதளத்தில் மாதிரித் தேர்வு எழுதினார். விடையைச் சேமிக்க எஸ், அடுத்த வினாவுக்குப் போக வலது அம்பு என்று அங்கே குறுக்குவிசைகள் இருந்தன. அறிவுரைப் பக்கத்தில் அவற்றை ஒரு படமாகப் போட்டிருந்தார்கள். படத்துக்கு மாற்று உரை இல்லை. உடன் படிக்கும் தோழி சொல்லித்தான் இவருக்குத் தெரிந்தது. விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு எஸ் அழுத்தினார். என்விடிஏவுக்கு எஸ் என்றால் பக்கத்தில் உள்ள பிரிகோட்டைத் தேடு என்று பொருள். ‘அடுத்த பிரிகோடு இல்லை’ என்றது. வலது அம்பை அழுத்தினார். பிரவுஸ் மோடில் வலது அம்பு அடுத்த எழுத்தைப் படிக்கும். வினாவின் ஓர் எழுத்து மட்டும் காதில் விழுந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோகஸ் மோடுக்கு மாறி மறுபடி எஸ் அழுத்தினார். இப்போது ஒரு சத்தமும் இல்லை. விடை சேமிக்கப்பட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. வினா எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் குறி வந்திருக்கிறது என்று பார்வையுள்ள ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

இந்த ஒரு காட்சியில் நான்கு குறைகள் இருக்கின்றன. குறுக்குவிசை இருப்பது தெரியவில்லை. திரைவாசிப்பானின் விசையோடு அது மோதியது. அதை மாற்றிக்கொள்ள வழி இல்லை. அழுத்தியபின் என்ன நடந்தது என்று பக்கம் சொல்லவில்லை. நான்கையும் சரிசெய்யும் வழி உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், தெரிவிப்பது. குறுக்குவிசையை எங்கே சொல்கிறீர்கள் என்று உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் மவுஸை மேலே கொண்டுபோனால் தோன்றும் சிறு குறிப்பில்தான் அது இருக்கும். தமிழ் விக்கிப்பீடியாவையே எடுத்துக்கொள்வோம். தேடலுக்கு எஃப், தொகுக்க ஈ, பக்கத்தின் வரலாற்றுக்கு எச் என்று விக்கிப்பீடியாவில் அருமையான குறுக்குவிசைகள் இருக்கின்றன. விண்டோஸில் ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஆனால் மவுஸை இணைப்பின் மேல் நிறுத்தினால்தான் அந்தச் சேர்க்கை அடைப்புக்குறிக்குள் தெரியும். டேப் விசையால் அதே இணைப்புக்கு வந்தால் பிரவுசர் பொதுவாக அந்தக் குறிப்பைக் காட்டாது. கை நடுக்கத்தாலோ வாதத்தாலோ மவுஸைப் பிடிக்க முடியாமல் கீபோர்டை மட்டுமே நம்பியிருப்பவருக்குக் குறுக்குவிசை மிகவும் தேவை. அவர் கண்ணுக்கே அது எட்டுவதில்லை.

திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு நிலைமை கொஞ்சம் தேவலாம். அந்த இணைப்பின் மேல் வந்து நின்றால், அதற்குரிய குறுக்குவிசையை என்விடிஏ சொல்லிவிடும். அதற்கென்று அமைப்புகளில் ஒரு தேர்வும் இருக்கிறது. ஆனால் அங்கே வந்து சேர்ந்த பிறகுதானே சொல்கிறது? வீட்டு வாசலுக்கு வந்து மணியை அடித்த பிறகு குறுக்குச் சந்து ஒன்று உண்டு என்று சொல்வதைப் போன்றது அது. அடுத்த முறைக்கு உதவும், உண்மைதான். முதல் முறையிலேயே உதவ வேண்டுமானால் பக்கத்தின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

சில தளங்கள் கேள்விக்குறியை அழுத்தினால் குறுக்குவிசைப் பட்டியலைக் காட்டுகின்றன. ஜிமெயிலிலும் யூடியூபிலும் கிட்ஹப்பிலும் இந்த வழக்கம் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் கேள்விக்குறியை அழுத்த வேண்டும் என்று யார் சொல்வது? அதோடு, பிரவுஸ் மோடில் தன் கட்டளை அல்லாத எழுத்துகளையும் பக்கத்துக்கு விடாமல் பிடித்துக்கொள்வது என்விடிஏவின் இயல்பான அமைப்பு. அழுத்தினால் ‘டிங்’ என்று ஓர் ஒலி மட்டும் வரும். எனவே பட்டியலைத் திறக்க ஒரு விசை இருந்தால் மட்டும் போதாது. ‘விசைப்பலகைக் குறுக்குவிசைகள்’ என்று பெயர் எழுதிய ஒரு பொத்தானும் வேண்டும். அது பக்கத்தின் மேல்பகுதியில், ‘முதன்மை உள்ளடக்கத்துக்குச் செல்’ என்ற இணைப்புக்கு அடுத்தபடியாக இருக்கட்டும். டேப் அழுத்திப் போகும்போது கண்ணுக்கும் தெரியட்டும். அமேசானின் கடைப் பக்கத்தில் இப்போது இதைச் செய்திருக்கிறார்கள். டேப்பை அழுத்தத் தொடங்கியதும், தேடலுக்கு ஆல்ட்டும் சாய்கோடும், கூடைக்கு ஷிஃப்ட்-ஆல்ட்-சி என்று ஒரு பெட்டி வெளிப்படுகிறது. கண் உள்ளவர் பார்க்கிறார், நாங்கள் கேட்கிறோம். இருவருக்கும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தகவல் கிடைக்கிறது.

பட்டியலைத் திறந்ததும் குவியம் (கீபோர்டு நிற்கும் இடம், ஃபோகஸ்) அதற்குள் போக வேண்டும். எஸ்கேப் அழுத்தினால் பட்டியல் மூடி, திறந்த பொத்தானுக்கே திரும்பி வர வேண்டும். உள்ளே ஒரு தலைப்பு, பிறகு வரிசைத் தலைப்புகள் உள்ள ஒரு சாதாரண அட்டவணை: இடப்பக்கம் செயல், வலப்பக்கம் விசை. விசைகளை அழகான படங்களாக வரைய வேண்டாம். எழுத்தாகவே எழுதுங்கள். அம்புக்குறி என்றால் ‘வலது அம்பு’ என்று சொல்லுங்கள். பட்டியல் தமிழில் இருந்தால் அந்தப் பகுதியின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லின் லாங் பண்பில் குறிப்பிடுங்கள். அப்போதுதான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறிப் படிக்கும்.

ஒவ்வொரு பொத்தானிலும் அதன் விசையைத் தெரிவிக்க ஏரியா-கீஷார்ட்கட்ஸ் என்ற பண்பு இருக்கிறது. திரைவாசிப்பான் போன்ற கருவிகளுக்குப் பக்கத்தைப் பற்றிய தகவலைத் தரும் ஏரியா (ARIA) தரத்தின், 2017 டிசம்பரில் வெளியான 1.1 பதிப்பில் அது வந்தது. ஆல்ட், ஷிஃப்ட் போன்ற துணை விசைகளை முதலில் எழுதி, கூட்டல் குறி போட்டு, கடைசியில் எழுத்தை எழுத வேண்டும். இந்தப் பண்பைப் பற்றி இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். ஒன்று, இது குறுக்குவிசையை அறிவிக்குமே தவிர இயக்காது. இயக்கும் நிரலை நீங்கள்தான் எழுத வேண்டும். இரண்டு, இது திரைவாசிப்பானுக்கு மட்டும்தான் கேட்கும், திரையில் எதுவும் தோன்றாது. அதனால்தான் எல்லாரும் கண்டுகொள்ளும்படி வேறொரு வழியும் வைக்கச் சொல்லி அந்தத் தரமே அறிவுறுத்துகிறது. யூடியூப் இதை ஓரளவு நன்றாகச் செய்கிறது. இடைநிறுத்தும் பொத்தானுக்கு வந்தால் அதன் பெயரோடு கே என்ற விசையும் காதில் விழுகிறது. மவுஸ் வைத்திருப்பவருக்கும் அதே எழுத்து தெரிகிறது.

இரண்டாவது, மோதல். அதே யூடியூபின் விசைகளைப் பாருங்கள். நிறுத்த கே, பத்து நொடி முன்னே போக எல், ஒலியடக்க எம், முழுத்திரைக்கு எஃப், வசனவரிக்கு சி. என்விடிஏவின் பிரவுஸ் மோடில் இதே எழுத்துகளுக்கு அடுத்த இணைப்பு, அடுத்த பட்டியல், அடுத்த சட்டகம், அடுத்த படிவப் புலம், அடுத்த கீழ்விரி பெட்டி என்று பொருள். ஐந்துக்கு ஐந்தும் மோதுகின்றன. காணொளியை நிறுத்த நினைத்துக் கே அழுத்தும் புதிய மாணவர் ஏதோ ஓர் இணைப்பில் போய் நிற்கிறார். காணொளியும் பேசுகிறது, திரைவாசிப்பானும் பேசுகிறது. இரண்டு மோடுகளையும் அறிந்தவர் சமாளித்துக்கொள்வார். இப்போதுதான் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர் தன் மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்கிறார். அந்த எண்ணத்தைப் போக்குவதுதான் என் வகுப்பில் எனக்குப் பெரிய வேலை.

இந்த மோதல் இன்று நேற்று வந்ததல்ல. 1997இல் வந்த எச்டிஎம்எல் 4.0 தரத்திலேயே குறுக்குவிசை வைக்க ஆக்சஸ்கீ என்ற பண்பு இருந்தது. 1999இல் வந்த முதல் இணைய அணுகல் வழிகாட்டி, முக்கியமான இணைப்புகளுக்குக் குறுக்குவிசை வையுங்கள் என்று பரிந்துரைத்தது. பிரிட்டன் அரசு தன் தளங்களுக்குப் பொதுவான ஒரு வரிசையையே வகுத்தது: முகப்புக்கு 1, தேடலுக்கு 4, நேரடியாக உள்ளடக்கத்துக்குப் போக எஸ், விசைப் பட்டியலைக் காண 0. பட்டியலுக்கென்றே ஒரு விசை, அதுவும் எல்லாத் தளங்களிலும் ஒன்றே என்ற அந்த யோசனை இன்றும் பாராட்டத்தக்கது. ஆனால் ஆக்சஸ்கீயோடு எந்தத் துணை விசையை அழுத்துவது என்பதை ஒவ்வொரு பிரவுசரும் தன் போக்கில் முடிவு செய்தது. விண்டோஸில் குரோம் என்றால் ஆல்ட், ஃபயர்ஃபாக்ஸ் என்றால் ஆல்ட்-ஷிஃப்ட். மேக்கில் கண்ட்ரோல்-ஆப்ஷன். அந்தக் கண்ட்ரோல்-ஆப்ஷன்தான் மேக்கின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரின் கட்டளை விசையும்கூட. ஆகவே நீங்கள் மெனுவுக்கு எம் என்று ஆக்சஸ்கீ வைத்தால், மேக் வைத்திருக்கும் பார்வையற்றவர் அழுத்தும்போது கணினியின் மெனுப் பட்டை வருகிறது. பிறகு வந்த வழிகாட்டிகளில் ‘குறுக்குவிசை வையுங்கள்’ என்ற பரிந்துரை இல்லை. 2018இல் வந்த 2.1 பதிப்பு, வைத்தால் இப்படி வையுங்கள் என்று ஒரு விதியைக் கொண்டுவந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த விசைகளை விட்டுவிட வேண்டும் என்று கேட்டால், சிலவற்றை உறுதியாகச் சொல்ல முடியும். துணை விசை இல்லாத தனி எழுத்துகள் வேண்டாம். இன்செர்ட்டும் கேப்ஸ்லாக்கும் திரைவாசிப்பான்களுடையவை, தொடவே வேண்டாம். கண்ட்ரோலைத் தனியாகத் தட்டினால் என்விடிஏ பேச்சை நிறுத்தும். கண்ட்ரோல்-ஆல்ட்டோடு அம்பு விசைகள் அட்டவணைக்குள் கட்டம் கட்டமாக நகர்வதற்கு. கண்ட்ரோல்-ஆல்ட்-என், என்விடிஏவைத் தொடங்கும் விசை. ஆல்ட்-டி பிரவுசரின் முகவரிப் பட்டைக்குப் போகும். ஆல்ட்டும் இடது அம்பும் முந்தைய பக்கத்துக்குப் போகும். கண்ட்ரோல்-எஃப் போன்று எல்லார் விரலிலும் ஊறிப்போன விசைகளை உங்கள் தளத்துக்காகப் பறித்துக்கொள்ள வேண்டாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. தமிழ்த் தளங்களை உருவாக்குபவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. தமிழக அரசு 1999இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில், ஆங்கில கே இருக்கும் இடத்தில் ம இருக்கிறது. எஸ் இருக்கும் இடத்தில் இ. தேடலுக்குப் பல தளங்கள் பயன்படுத்தும் சாய்கோடு இருக்கும் இடத்தில் ழ. தமிழ்க் கீபோர்டை இயக்கி ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருப்பவர் உங்கள் பக்கத்துக்கு வந்து எஸ் விசையை அழுத்தினால் உங்கள் நிரலுக்கு வந்து சேர்வது எஸ் அல்ல. எழுத்தைப் பார்த்துச் செயல்படும் நிரல் சும்மா இருந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ‘கீ’ என்பது வந்த எழுத்தைச் சொல்லும். ‘கோட்’ என்பது அழுத்திய விசை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும். தமிழ்க் கீபோர்டு இயங்கும்போது இரண்டாவதையும் பார்க்க மறக்காதீர்கள். கண்ணில் பார்ப்பவருக்குத் திரையின் மூலையில் மொழிக் குறி தெரியும். நாங்கள் எந்தக் கீபோர்டில் இருக்கிறோம் என்பதை நினைவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பல விண்டோஸ் கணினிகளில் ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் மட்டும் சேர்த்து அழுத்திவிட்டால் கீபோர்டின் மொழியே மாறிவிடும். ஆல்ட்-ஷிஃப்ட்-எஸ் என்று அழுத்தப் போய், மூன்றாவது விசையைத் தவறவிட்டால் தமிழ் போய் ஆங்கிலம் வந்து நிற்கும். அதற்காக அந்தச் சேர்க்கையையே தவிர்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. எந்தச் சேர்க்கையும் எல்லாருக்கும் பொருந்தாது என்பதால்தான் அடுத்த கோரிக்கையை வைக்கிறேன்.

மூன்றாவது, மாற்றிக்கொள்ளும் உரிமை. மேலே சொன்ன 2.1 பதிப்பு வழிகாட்டியில் 2.1.4 என்ற விதி இருக்கிறது. அடிப்படை நிலையான ஏ நிலையிலேயே வருகிறது. எழுத்து, எண், நிறுத்தற்குறி போன்றவற்றை மட்டும் கொண்ட குறுக்குவிசை வைத்தால், இந்த மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது: பயனர் அதை அணைத்துவிட முடிய வேண்டும், அல்லது ஆல்ட், கண்ட்ரோல் போன்ற துணை விசை சேர்த்து மாற்றிக்கொள்ள முடிய வேண்டும், அல்லது குறிப்பிட்ட பகுதியில் குவியம் இருக்கும்போது மட்டும் அந்த விசை செயல்பட வேண்டும். இந்த விதி எங்களுக்காக மட்டும் வந்ததல்ல. குரலால் கணினியை இயக்குபவர்களுக்காகவும்தான். இதை விளக்க அந்த வழிகாட்டியின் துணை ஆவணம் ஓர் உதாரணம் தருகிறது. ஒருவர் மின்னஞ்சல் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். அறைக்குள் வந்த சக ஊழியர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மைக் அந்தக் குரலை வாங்கிக்கொள்ள, கூப்பிட்ட சொற்களில் உள்ள சில எழுத்துகள் கட்டளைகளாகிவிடுகின்றன. ஒரு மடல் காப்பகத்துக்குப் போய்விடுகிறது. ஒரே ஓர் அணைப்புப் பொத்தான் இருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை.

ஜிமெயிலில் எழுத்துக் குறுக்குவிசைகள் பலவும் நாமாக அமைப்புகளில் போய் இயக்கினால்தான் இயங்கும். கிட்ஹப்பின் அணுகல் அமைப்புகளில் எழுத்து விசைகளை அணைத்து வைக்க ஒரு தேர்வு இருக்கிறது. பெரிய நிறுவனங்களால்தான் இது முடியும் என்று நினைக்க வேண்டாம். ஒரு சரிபார்ப்புப் பெட்டி, அதில் தேர்ந்ததை நினைவில் வைக்கும் நாலைந்து வரி நிரல், அவ்வளவுதான். இன்னும் ஒரு படி மேலே போய், பயனரே தனக்கு வசதியான விசையைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். அப்படி மாற்றினால் உதவிப் பட்டியலும் ஏரியா பண்பும் சேர்ந்தே மாற வேண்டும்; இல்லையென்றால் பக்கம் ஒன்று சொல்லும், விசை வேறொன்று செய்யும். யாராவது உள்ளீட்டுப் பெட்டிக்குள் எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்குவிசைகள் குறுக்கே வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, விளைவைச் சொல்வது. பொத்தானை நாங்களே தேடிப் போய் அழுத்தினால் குறைந்தது எங்கே இருக்கிறோம் என்றாவது தெரியும். குறுக்குவிசை என்பது தூரத்திலிருந்து இயக்குவது. அதனால் அதற்குப் பதில் கட்டாயம் தேவை. ‘விடை சேமிக்கப்பட்டது’, ‘கூடையில் சேர்ந்தது’, ‘இந்தப் பக்கத்தில் நீக்க எதுவும் இல்லை’ என்று ஒரு வரி போதும். ஏரியா-லைவ் என்ற பண்பு இதற்காகவே இருக்கிறது. அதில் ‘பொலைட்’ என்று குறித்து வைத்த பகுதியில் எழுத்து மாறினால், படித்துக்கொண்டிருப்பதை முடித்துவிட்டுத் திரைவாசிப்பான் அதைச் சொல்லும். குவியத்தை நகர்த்த வேண்டியதில்லை. பயனர் நின்ற இடத்திலேயே நிற்பார், செய்தி மட்டும் வரும். அதே செய்தியைத் திரையிலும் காட்டுங்கள். குறைந்த பார்வை உள்ளவர் பச்சைக் குறியைத் தேடி அலைய வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு வேண்டுகோள். குறுக்குவிசை வைத்துவிட்டோம், அணுகல் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ‘சேமி’ என்று எழுதிய இடம் உண்மையான பொத்தானாக இல்லாமல், நிறம் பூசிய வெறும் பெட்டியாக இருந்தால் டேப் அங்கே நிற்காது. குறுக்குவிசை அதை ஈடுசெய்யாது. தலைப்புகள் ஒழுங்காக இருந்தால் எச் விசை ஒன்றே எங்களைப் பாதித் தூரம் கொண்டுபோய்விடும். முதலில் அடித்தளம், அதன் மேல் குறுக்குவிசை. செய்தித் தளங்களுக்குப் பல நேரம் குறுக்குவிசையே தேவைப்படாது. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் மின்னஞ்சல், கணக்கியல், வங்கி, தேர்வு, அலுவலகக் கோப்புத் தளங்களுக்குத்தான் அவை கட்டாயம் வேண்டும். எத்தனை வைத்தோம் என்பதைவிட, அடிக்கடி செய்யும் நாலைந்து செயல்களுக்குச் சரியாக வைத்தோமா என்று பாருங்கள்.

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அணுகக்கூடியதாக இருப்பதை உறுதிசெய்ய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. 2023இல் வந்த இந்திய அரசு இணையதள வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு, மேற்சொன்ன 2.1 வழிகாட்டியின் ஏஏ நிலையை அடிப்படையாகக் கொண்டது. ஏ நிலையில் உள்ள 2.1.4 விதியும் அதற்குள் அடக்கம். அணுகல் விதிகள் விருப்பம்போல் பின்பற்றும் பரிந்துரைகளாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று ரஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில், இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்றது. தீர்ப்புகளைக் காட்டி உங்களை மிரட்ட எழுதவில்லை. மேலாளரிடம் இந்த வேலைக்கு நேரம் கேட்கும்போது உங்கள் கையில் ஓர் ஆதாரம் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த மாதிரித் தேர்வுப் பக்கம் எப்படி இருந்திருக்கலாம் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். முதல் டேப்பிலேயே குறுக்குவிசைப் பட்டியல் இருப்பது தெரிகிறது. ‘விடையைச் சேமி’ பொத்தானுக்கு வந்தால் அதன் பெயரோடு ஆல்ட்-ஷிஃப்ட்-எஸ் என்பதும் கேட்கிறது; அது ஒத்துவராத மாணவர் வேறு விசை வைத்துக்கொள்கிறார். அழுத்தியதும் ‘விடை சேமிக்கப்பட்டது’ என்று பதில் வருகிறது. இதில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை. தரங்கள் இருக்கின்றன, பண்புகள் இருக்கின்றன, செய்து காட்டிய தளங்களும் இருக்கின்றன.

ஆகவே உங்கள் அடுத்த வெளியீட்டுக்கு முன் இதைச் செய்யுங்கள். உங்கள் தளத்தில் உள்ள குறுக்குவிசைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, மவுஸைத் தொடாத ஒருவருக்கு இது எங்கே தெரியும், எப்படிக் கேட்கும் என்று எழுதுங்கள். எதிரே எதுவும் எழுத முடியாத விசையைச் சரிசெய்யுங்கள். பிறகு என்விடிஏவைத் தரவிறக்கி, தமிழ்க் கீபோர்டை இயக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். அதன்பின் திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் எங்களில் சிலரை, உழைப்புக்கு உரிய ஊதியம் கொடுத்து, சோதனைக்குக் கூப்பிடுங்கள். எங்கே இடிக்கிறது என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவோம். என் மாணவர்களில் பலர் அந்த வேலைக்குத் தகுதியோடு காத்திருக்கிறார்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
பார்வையற்றோருக்குக் கணினி கற்பிக்கும் ஒரு பயிற்றுநர்